ஸ்கேனுக்குச் சாயம் ஏற்றப் போகிறார்களா? சிறுநீரகத்தைக் காத்துக்கொள்ள முழுமையான வழிகாட்டி

வெள்ளவத்தையில் இருந்து பெரியம்மாவை முச்சக்கரவண்டியில் ஏற்றிக்கொண்டு சி.ரி. ஸ்கேனுக்குப் போன அன்று காலை, அவர் முந்தைய இரவு ஒன்பது மணிக்குப் பிறகு ஒரு சொட்டுத் தண்ணீரும் குடித்திருக்கவில்லை. அதற்கு முன் இரண்டு நாள் வயிற்று நோவும் வாந்தியும். வரவேற்பு மேசையில் ஆங்கிலத்தில் ஒரு படிவம் தந்தார்கள். சிறுநீரக நோய் உண்டா என்ற கேள்விக்கு நான்தான் ‘இல்லை’ என்று அடையாளமிட்டேன். அவரும் இல்லை என்றுதான் சொன்னார். அவருடைய கைப்பையில் இருந்த கிளினிக் கொப்பியிலோ, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் இரத்த அளவான கிரியேற்றினின் 1.6 என்று தெளிவாக எழுதியிருந்தது. அதற்குப் பெயர் சிறுநீரக வருத்தம் என்று எங்களிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

மூன்றாம் நாள் அந்த 1.6 என்பது 2.3 ஆகிவிட்டது. சாயம்தான் குற்றவாளி என்று குடும்பமே தீர்ப்பு வழங்கியது. சிறுநீரக வைத்தியரோ சாயத்தைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. “முழங்காலுக்கு என்ன குளிசை போடுகிறீர்கள், அம்மா?” என்றுதான் தொடங்கினார். பெரியம்மா ஒரு மாதமாக டைக்ளோஃபெனாக் போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்துப் பாமசியில் வாங்கியது, சீட்டு எதுவும் இல்லை.

இரண்டு கிழமைக்குள் அளவு 1.7க்கு இறங்கியது. சாயமா, வாந்தியா, குளிசையா, தண்ணீர் குடிக்காததா என்று கடைசிவரை யாராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. நான் வைத்தியர் அல்ல. கோப்பைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடப்பவள். ஆனால் அதன் பிறகு படித்ததும் கேட்டதும் ஒன்றைத்தான் சொல்லின: சாயத்தின் மீதுள்ள பயம் அதன் ஆபத்தைவிடப் பெரிதாக வளர்ந்துவிட்டது. அந்தப் பயத்தில், கவனிக்க வேண்டிய சின்ன விடயங்கள் கவனிக்கப்படாமல் போகின்றன. இன்று போக நேர்ந்தால் எந்த வரிசையில் செய்வேனோ அந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

படி 1: எந்தச் சாயம் என்று கேளுங்கள்

நாம் சாயம் என்கிறோம், டை என்கிறோம், வைத்தியசாலையில் கொன்ட்ராஸ்ட் என்பார்கள். உண்மையில் அது எதற்கும் நிறம் ஏற்றுவதில்லை. போத்தலில் தண்ணீரைப் போலத் தெளிவாக, சற்றுப் பிசுக்குடன் இருக்கும். சி.ரி. ஸ்கேனுக்கும், குழாய் விட்டு இரத்தக் குழாய்களைப் படம் எடுக்கும் அஞ்சியோகிராமுக்கும் பயன்படுவது அயடீன் கலந்தது. அயடீன் கனமான அணு. எக்ஸ் கதிர்களை மறித்துவிடும். அதனால் அது ஓடும் இரத்தக் குழாய்கள் படத்தில் வெள்ளையாகத் தெரியும். அயோஹெக்சோல், அயோபமிடோல், அயோப்ரோமைட், அயோடிக்சனோல் ஆகியவை இந்த வகையின் பெயர்கள்.

எம்.ஆர்.ஐ.க்கு ஏற்றுவது கடோலினியம். அது வேறு கதை, பின்னால் வருகிறேன். குடலைப் படம் எடுக்கக் குடிக்கத் தரும் வெள்ளை நிற பேரியம் வாயால் போய் மலத்தோடு வெளியேறிவிடும். அது இரத்தத்தில் கலப்பதில்லை என்பதால் சிறுநீரகத்துக்காக அதற்குப் பயப்பட வேண்டியதில்லை.

அயடீன் சாயங்களிலும் பழையது, புதியது என்று உண்டு. பழைய வகையின் செறிவு இரத்தத்தைப் போல ஐந்து ஆறு மடங்கு. இப்போது பரவலாகப் பயன்படுபவை இரண்டு மூன்று மடங்குதான். அயோடிக்சனோல் ஏறக்குறைய இரத்தத்தின் அளவிலேயே இருக்கும். நம் தாத்தா காலத்துக் கதைகள் பெரும்பாலும் அந்தப் பழைய வகையைப் பற்றியவை.

கூடவே இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: சாயம் கட்டாயம் வேண்டுமா? சிறுநீரகக் கல் இருக்கிறதா என்று பார்க்கச் சாயம் தேவையில்லை. தலையில் அடிபட்டு மூளைக்குள் இரத்தம் கசிகிறதா என்று பார்க்கவும் முதலில் சாயமில்லாத ஸ்கேன்தான் எடுப்பார்கள். சில வேளைகளில் அல்ட்ராசவுண்டே போதும். கேட்பதில் வெட்கம் எதற்கு?

படி 2: உங்கள் இலக்கத்தைக் கண்டுபிடியுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரேயொரு படியைத்தான் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள்.

இரத்தப் பரிசோதனை அறிக்கையில் கிரியேற்றினின் என்று ஒரு வரி இருக்கும். கொழும்பு ஆய்வுகூடங்களில் இரண்டு அலகுகளில் ஒன்று இருக்கலாம்: டெசிலீற்றருக்கு மில்லிகிராம், அல்லது லீற்றருக்கு மைக்ரோமோல். ஒரு மில்லிகிராம் ஏறக்குறைய 88 மைக்ரோமோல். பெரியம்மாவின் 1.6 இன்னொரு ஆய்வுகூடத்தில் 141 என்று வரும். அலகைப் பார்க்காமல் 141ஐக் கண்டு அலற வேண்டாம்.

ஆனால் கிரியேற்றினினை மட்டும் பார்த்து எதையும் முடிவு செய்யக்கூடாது. அது தசையில் இருந்து வரும் கழிவு. தசை நிறைந்த இளைஞனுக்கு அதிகமாகவும் மெலிந்த மூதாட்டிக்குக் குறைவாகவும் இருப்பது இயல்பு. அதனால் வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்துக் கணக்கிடும் ஈ.ஜி.எஃப்.ஆர். என்ற இலக்கம்தான் வேண்டும். சிறுநீரகங்கள் ஒரு நிமிடத்துக்கு எத்தனை மில்லிலீற்றர் இரத்தத்தை வடிகட்டுகின்றன என்பதன் மதிப்பீடு அது.

வித்தியாசம் எவ்வளவு என்று கணக்கிட்டே காட்டுகிறேன். 2021இல் வெளிவந்த கணிப்பு முறைப்படி, கிரியேற்றினின் 1.6 உள்ள 30 வயது ஆணுக்கு இலக்கம் ஏறக்குறைய 59. அதே 1.6 உள்ள 68 வயதுப் பெண்ணுக்கு, அதாவது பெரியம்மாவுக்கு, 35. இன்னும் ஒன்று: 75 வயதுப் பாட்டிக்குக் கிரியேற்றினின் 1.1 என்றால் அறிக்கையில் அதைப் பெரும்பாலும் யாரும் வட்டமிட மாட்டார்கள். அவருடைய இலக்கமோ 52தான். ‘கிரியேற்றினின் நோமல்’ என்ற சொல்லை முதியவர்கள் விடயத்தில் நம்பாதீர்கள். அறிக்கையில் ஈ.ஜி.எஃப்.ஆர். அச்சாகியிராவிட்டால் வைத்தியரிடம் கணக்கிட்டுத் தரச் சொல்லுங்கள், அரை நிமிட வேலை.

இலக்கமே ஏமாற்றும் இடங்களும் இருக்கின்றன. கால் அகற்றப்பட்டவர், நெடுநாள் படுக்கையில் கிடந்து தசை வற்றியவர் ஆகியோரின் சிறுநீரகம் கணக்கில் உண்மையைவிட நன்றாகத் தெரியும். காய்ச்சல், வயிற்றோட்டம், வாந்தியோடு வருபவருக்குப் போன மாத இலக்கம் பயன்படாது; சிறுநீரகம் இன்று அடிபட்டால் கிரியேற்றினின் ஏற ஓரிரு நாள் எடுக்கும். உடல்நிலை மாறாமல் இருப்பவர்களுக்கு மூன்று மாதத்துக்குள் எடுத்த அறிக்கை பொதுவாகப் போதும். திடீர் நோயோடு இருப்பவர்களுக்கு ஏழு நாளுக்குள் எடுத்தது வேண்டும்.

யாருக்கு இந்தப் பரிசோதனை கட்டாயம்? நீரிழிவு, இரத்த அழுத்தம் உள்ளவர்கள், ஏற்கெனவே சிறுநீரகச் சத்திர சிகிச்சை செய்தவர்கள், ஒரே சிறுநீரகம் உள்ளவர்கள். நம் நாட்டில் இன்னொரு கூட்டமும் உண்டு. அனுராதபுரம், பொலன்னறுவை, வவுனியாப் பக்கங்களில் காரணம் இன்னும் தீர்மானமாகாத நாட்பட்ட சிறுநீரக நோய் 1990களில் இருந்து விவசாயக் குடும்பங்களைப் பிடித்திருக்கிறது. அது சீனியோ பிரஷரோ இல்லாதவர்களுக்கும் வருவது. அந்த ஊர்களில் வயல் செய்தவர்கள் கொழும்புக்கு ஸ்கேனுக்கு வந்தால், ‘எனக்கு ஒரு வருத்தமும் இல்லை’ என்றாலும் இரத்தத்தைப் பார்த்துவிட்டே ஏறவேண்டும்.

படி 3: நீங்கள் எந்தப் படிக்கட்டில் நிற்கிறீர்கள்?

சாயம் சிறுநீரகத்தை இரண்டு மூன்று வழிகளில் சிரமப்படுத்தலாம். உட்பகுதி இரத்தக் குழாய்களைச் சுருக்கி ஒட்சிசனைக் குறைக்கும். வடிகட்டும் சிறுகுழாய்களின் கலங்களை நேரடியாகத் தாக்கும். பிசுக்கால் அந்தக் குழாய்களில் மெதுவாக நகரும். உடலில் தண்ணீர் குறைவாக இருந்தால் இவை மூன்றும் மோசமாகும்.

ஆனால் எத்தனை பேருக்கு? அமெரிக்கக் கதிரியல் கல்லூரியும் அந்நாட்டுத் தேசியச் சிறுநீரக அறக்கட்டளையும் 2020இல் கூட்டாக ஒரு நிலைப்பாட்டை வெளியிட்டன. நாளத்தின் வழியே, அதாவது கை ஊசியால் சாயம் ஏற்றுவதைப் பற்றியது அது. ஈ.ஜி.எஃப்.ஆர். 45உம் அதற்கு மேலும் என்றால் சாயத்தால் சிறுநீரகம் பழுதாகும் வாய்ப்பு ஏறக்குறையப் பூச்சியம். 30 முதல் 44 வரை என்றால் 0 முதல் 2 சதவீதம். 30க்குக் கீழே 0 முதல் 17 சதவீதம். கடைசி வீச்சு இவ்வளவு அகலமாக இருப்பதே அந்தப் பகுதியில் அறிவியல் இன்னும் தீர்மானமாக இல்லை என்பதைக் காட்டுகிறது.

முன்பு ஏன் எல்லாரையும் பயமுறுத்தினார்கள்? பழைய ஆய்வுகள் பெரும்பாலும் சாயம் ஏற்றியவர்களை மட்டும் பார்த்தன. வைத்தியசாலையில் கிடக்கும் நோயாளியின் கிரியேற்றினின் சாயம் இல்லாமலே ஏறி இறங்கும். சாயமில்லாமல் ஸ்கேன் எடுத்தவர்களோடு பிற்காலத்தில் ஒப்பிட்டபோது பெரும்பாலானவர்களிடம் வித்தியாசம் கரைந்துபோனது.

அஞ்சியோகிராம் சற்று வேறு. இதயத்துக்கோ பெருந்தமனிக்கோ குழாய் விட்டுச் சாயம் செலுத்தும்போது அது அவ்வளவாகக் கலைந்து ஐதாகாமல் சிறுநீரகத் தமனிக்குள் போகிறது. குழாய் உரசித் தமனிச் சுவரில் இருந்து கொழுப்புத் துகள்கள் உதிர்ந்து சிறுநீரகத்தில் அடைப்பதும் உண்டு. ஆகவே அங்கே 45க்குக் கீழ் வந்தாலே கவனமாக இருப்பார்கள்.

மாரடைப்பு, பக்கவாதம், நுரையீரலில் இரத்தக் கட்டி, பெருந்தமனி கிழிவு, பெரும் விபத்து என்று சந்தேகம் வந்தால் இந்தக் கணக்கையெல்லாம் மூடி வையுங்கள். 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் வரும். கிரியேற்றினின் அறிக்கைக்காகக் காத்திருக்கும் நேரத்தில் மூளையோ இதயமோ போய்விடும். இப்படிப்பட்ட வேளையில் “சாயம் வேண்டாம், டொக்டர்” என்று பிடிவாதம் பிடிப்பதுதான் மிகப் பெரிய ஆபத்து.

படி 4: குளிசைப் பையைக் கவிழ்த்துப் பாருங்கள்

எல்லாக் குளிசைகளையும் மேசையில் கொட்டுங்கள். கிளினிக்கில் தந்தது, பாமசியில் வாங்கியது, பேரன் டுபாயில் இருந்து கொண்டுவந்தது, எல்லாமே.

டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், மெஃபெனமிக் அமிலம் போன்ற நோவுக் குளிசைகள் சிறுநீரகத்துக்கு இரத்தம் போகும் வாசலையே ஒடுக்குபவை. ஸ்கேனுக்கு ஓரிரு நாள் முன்னரும் பின்னரும் அவற்றை வைத்தியரைக் கேட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். நோவு தாங்காவிட்டால் அளவுக்குள் பனடோல். பெரியம்மாவின் கதையில் நான் முதலில் திருத்த விரும்புவது இந்த வரியைத்தான்.

நீரிழிவுக்குப் போடும் மெற்ஃபோமின் பற்றிப் பெருங்குழப்பம் நிலவுகிறது. அது சிறுநீரகத்தைக் கெடுப்பதில்லை. சிறுநீரகம் திடீரென்று சுணங்கினால் மெற்ஃபோமின் உடலில் தேங்கும். அப்போது இரத்தத்தில் இலற்றிக் அமிலம் கூடலாம், அதுதான் பயம். இலக்கம் 30க்கு மேல் இருந்து, சிறுநீரகத்தில் திடீர் பாதிப்பும் இல்லாமல், கை ஊசியால் ஏற்றும் சாதாரண ஸ்கேன் என்றால் நிறுத்த வேண்டியதில்லை என்பதே மேற்சொன்ன கதிரியல் கல்லூரியின் நிலை. 30க்குக் கீழே, அல்லது திடீர் பாதிப்பு, அல்லது சிறுநீரகத் தமனிக்குள் போகக்கூடிய விதத்தில் தமனி வழிக் குழாய் என்றால், ஸ்கேன் நேரத்தில் நிறுத்தி, 48 மணித்தியாலத்துக்குப் பின் கிரியேற்றினின் பார்த்துவிட்டுத் தொடங்குவார்கள். எங்கள் ஊரில் நடப்பது என்னவென்றால், எல்லாருக்கும் ‘நிறுத்துங்கள்’ என்று சொல்லிவிடுகிறார்கள், ‘மறுபடி தொடங்குங்கள்’ என்று சொல்ல மறந்துவிடுகிறார்கள். சீனி 300க்குப் போன பின்தான் நினைவு வரும். எந்த நாள் தொடங்குவது என்று எழுதி வாங்குங்கள்.

இரத்த அழுத்தத்துக்குப் போடும் லொசார்ட்டன், எனலாப்ரில், நீர் போகக் குடிக்கும் ஃபுருசமைட் போன்றவற்றை நீங்களாக நிறுத்தாதீர்கள். வாந்தி, வயிற்றோட்டம் இருந்தால் வைத்தியர் சில நாட்களுக்கு நிறுத்தச் சொல்லக்கூடும். அது அவர் முடிவு.

கசாயம், வேர், பொடி எதுவானாலும் அந்தக் கிழமைக்கு ஒதுக்கி வையுங்கள். கொலஸ்ட்ரோல் குறையும் என்று பிலிங்காய்ச் சாறும் காமரங்காச் சாறும் வெறும் வயிற்றில் குடிப்பவர்கள் எங்கள் ஒழுங்கையிலேயே இருக்கிறார்கள். அவற்றில் உள்ள ஒக்சலேற்று சிறுநீரகத்தை அடைத்து நோயாளிகள் வைத்தியசாலைக்கு வந்தது இலங்கையிலேயே பதிவாகியிருக்கிறது. சாயத்துக்குப் பயந்து அந்தச் சாற்றைக் குடித்துச் சுத்திகரித்துக்கொள்வது கொள்ளிக்கட்டையால் தலை சொறிவதைப் போன்றது.

படி 5: ஒரு துண்டு எழுதிக் கோப்பில் குத்துங்கள்

படிவத்தில் ஒரு பெட்டியில் ‘ஆம்’ என்று குறிப்பது போதாது. நான் இப்போது இப்படி ஒரு துண்டு எழுதிக் கோப்பின் முதற்பக்கத்தில் குத்திவிடுகிறேன்: “வயது 68. நீரிழிவு 19 வருடம். கடைசிக் கிரியேற்றினின் 1.6, ஈ.ஜி.எஃப்.ஆர். 35, எடுத்த திகதி இது. மெற்ஃபோமின், லொசார்ட்டன் எடுக்கிறார். முன்பு சாயத்தால் ஒவ்வாமை இல்லை. கடந்த சில நாட்களில் வேறு சாய ஸ்கேன் எடுக்கவில்லை.”

கடைசி வரி முக்கியம். இரண்டு வைத்தியர்களை சனல் செய்பவர்களுக்கு, அதாவது தனியாரிடம் நேரம் பதிந்து காட்டுபவர்களுக்கு, இரண்டு ஸ்கேன் நாலு நாளுக்குள் வந்துவிடும், ஒருவருக்கு மற்றவர் எழுதியது தெரியாது. படிவம் புரியாத மொழியில் இருந்தால் ஊகித்து நிரப்பாதீர்கள், நான் செய்த பிழை அது. தாதியிடம் விளங்கப்படுத்தச் சொல்லுங்கள். ஒவ்வாமை பற்றி ஒரு குறிப்பு: இறால், நண்டு ஒத்துக்கொள்ளாதவர்களுக்குச் சாயமும் ஒத்துக்கொள்ளாது என்பது தவறு. கடலுணவு ஒவ்வாமைக்குக் காரணம் அதில் உள்ள புரதம், அயடீன் அல்ல.

படி 6: தண்ணீர்

இலக்கம் 30க்குக் கீழே உள்ளவர்களுக்கும் சிறுநீரகம் அண்மையில் அடிபட்டவர்களுக்கும் நாளத்தில் சாதாரண சேலைன் ஏற்றுவார்கள். ஸ்கேனுக்கு ஒரு மணித்தியாலம் முன் தொடங்கி, முடிந்த பின் 3 முதல் 12 மணித்தியாலம் வரை அது ஓடும். 30க்கும் 44க்கும் இடையில் இருப்பவர்களுக்கு வைத்தியர் ஆளைப் பார்த்து முடிவு செய்வார். இதயம் பலவீனமானவர்களுக்கு சேலைன் கூடினால் நுரையீரலில் நீர் கோர்க்கும். ஆகவே இதய வருத்தத்தையும் துண்டில் எழுதுங்கள். முன்பு அசற்றைல்சிஸ்ரீன் என்ற மருந்தையும் சோடியம் பைகாபனேற்றையும் கொடுப்பார்கள். 2018இல் வெளியான, அஞ்சியோகிராம் நோயாளிகள் ஏறக்குறைய 5,000 பேரைக் கொண்ட ஒரு பெரிய ஆய்வு, அவற்றால் மேலதிக நன்மை இல்லை என்று காட்டியது. கடையில் வாங்கிக் கொடுக்காதீர்கள்.

மற்றவர்கள் வழமையாகக் குடிக்கும் தண்ணீரைக் குடித்தால் போதும். ‘வெறும் வயிற்றோடு வாருங்கள்’ என்றால் உணவைத்தான் சொல்கிறார்கள், பெரும்பாலும் தண்ணீரை அல்ல. ஆனாலும் தொலைபேசியில் கேட்டு உறுதி செய்யுங்கள்: “தண்ணீர் எத்தனை மணிவரை குடிக்கலாம்?” கொழும்பு வெக்கையில் வரிசையில் காத்திருக்க நேரும், முடிந்தால் காலை முதல் நேரத்தைப் பிடியுங்கள். செவ்விளநீரில் பொட்டாசியம் அதிகம். சிறுநீரகம் ஏற்கெனவே பலவீனமானவருக்கு அன்போடு வெட்டிக் கொடுக்காதீர்கள்.

படி 7: அறைக்குள்

முழங்கை மடிப்பில் கனூலா போட்டு ஒரு பம்பின் குழாயைப் பொருத்துவார்கள். சாயம் ஓடும்போது தொண்டையில் தொடங்கி அடிவயிறு வரை ஒரு சூடு இறங்கும். வாயில் செம்பு நாணயத்தைச் சப்பியது போல ஒரு சுவை. சிறுநீர் போய்விட்டது போலத் தோன்றும், போயிருக்காது. பெரியம்மா மேசையில் இருந்து எழுந்ததும் சேலையைத் தொட்டுப் பார்த்தார், முகத்தில் அவ்வளவு வெட்கம். இதை முன்பே சொல்லியிருந்தால் அந்த வெட்கம் தேவைப்பட்டிராது.

ஊசி போட்ட இடம் எரிந்து வீங்கினால், மூச்சு முட்டினால், உடம்பு அரித்தால் உடனே சத்தமாகச் சொல்லுங்கள். முடிந்ததும் 15 முதல் 30 நிமிடம் அங்கேயே இருங்கள்.

டயலிசிஸ், எம்.ஆர்.ஐ.: இரண்டு இடைச்செருகல்

டயலிசிஸ் செய்பவர்களுக்குச் சாயம் ஏற்றலாம். சாயத்தை அகற்றவென்று அவசரமாக மேலதிக டயலிசிஸ் செய்யத் தேவையில்லை, வழமையான நாளிலேயே செய்துகொள்ளலாம். ஆனால் இன்னும் கொஞ்சம் சிறுநீர் போகிறவர் அதை வைத்தியரிடம் சொல்லவேண்டும். மிச்சம் இருக்கும் அந்த இயக்கம் காப்பாற்றத் தக்கது.

கடோலினியத்தில் பயம் வேறு. சிறுநீரகம் மிகவும் பலவீனமானவர்களின் தோலும் உள்ளுறுப்புகளும் தடித்து இறுகும் ஓர் அரிய நோய் அதோடு தொடர்புடையது என்பது 2006இல் தெரியவந்தது. கடோடையமைட் போன்ற பழைய வகைகள்தான் பெரும்பாலும் அதற்குக் காரணம். கடோபியூட்ரோல், கடோதெரேற் போன்ற இன்றைய வகைகளில் அந்த ஆபத்து மிகமிகக் குறைவு. எந்த வகை என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும்.

படி 8: அடுத்த மூன்று நாள்

இலக்கம் 30க்குக் கீழே உள்ளவர்களும், அந்த நேரத்தில் நோயுற்றிருந்தவர்களும் 48 முதல் 72 மணித்தியாலத்துக்குள் கிரியேற்றினினை மறுபடி பார்க்கவேண்டும். இரண்டு நாளுக்குள் 0.3 மில்லிகிராம் ஏறினாலே, அல்லது பழையதைப் போல ஒன்றரை மடங்கானாலே, அது திடீர் பாதிப்பு என்று கணக்கில் எடுக்கப்படும். சாயத்தால் ஏறியிருந்தால் மூன்றாம் நாளுக்கும் ஐந்தாம் நாளுக்கும் இடையில் உச்சத்துக்குப் போய், பெரும்பாலும் இரண்டு கிழமைக்குள் இறங்கிவிடும். சிறுநீர் வெகுவாகக் குறைந்தால், கால் வீங்கினால், படுத்தால் மூச்சு வாங்கினால், நாட்களை எண்ணிக்கொண்டிராமல் அருகில் உள்ள வைத்தியசாலைக்குப் போங்கள். அரசாங்க வைத்தியசாலைகளில் இதற்குக் கட்டணம் இல்லை. கொழும்பில் சிறுநீரகத்துக்கென்றே மாளிகாவத்தையில் தேசிய நிறுவனம் இருக்கிறது. அங்கே கிளினிக் போகிறவர்கள் ஸ்கேன் எடுத்த செய்தியை அடுத்த முறை கட்டாயம் சொல்லுங்கள்.

சாயத்தின் பெயர், அளவு, திகதி மூன்றையும் கேட்டுக் கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். கேட்டால் தருவார்கள், கேட்காவிட்டால் யாரும் தானாகத் தருவதில்லை.

எட்டு மாதம் கழித்துப் பெரியம்மாவுக்கு இன்னொரு ஸ்கேன் வேண்டிவந்தது. இந்த முறை டைக்ளோஃபெனாக் இல்லை, வாந்தி இல்லை, காலையில் இரண்டு கிண்ணம் தண்ணீர் குடித்திருந்தார். படிவத்தை அவரே வாங்கி, “வாசி, நான் சொல்கிறேன்” என்றார். கொப்பியில் இப்போது ஒரு வரி இருக்கிறது, என் கையெழுத்தில்: அயோஹெக்சோல் 350, 80 மில்லிலீற்றர், மூன்றாம் நாள் கிரியேற்றினின் 1.7.